விரிகுடாவை அளந்த சட்டிகள்

அலைவாய்த்துறையை ஆண்ட வல்லப மகாராஜாவுக்கு மூக்கு கொஞ்சம் நீளம். அதனால்தானோ என்னவோ, விரிகுடாவில் மீன் செத்து மிதக்கும் நாற்றம் ஊரிலேயே முதலில் அவருக்குத்தான் எட்டியது. போய்ப் பார்த்தார். நீலமாக இருக்கவேண்டிய தண்ணீர் கீரை மசியல் மாதிரி நின்றது.

"எல்லாம் மீனவர் குப்பத்தின் வேலை, மகாராஜா," என்றார் யானைப்பந்தி அதிகாரி மழவராயர். "கழிவையெல்லாம் கடலில் கொட்டுகிறார்கள். குப்பத்தைக் காலி செய்தால் அங்கே இன்னும் நூறு யானை கட்டலாம்."

நூறு யானை என்றதும் மகாராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

குப்பத்துத் தலைவி நீலாச்சி அவைக்கு ஓடி வந்தாள். "மீனு செத்தா பட்டினி கெடக்குறது நாங்கதான் சாமி. நாங்களே அதைக் கொல்லுவமா? புள்ளகுட்டியோட எங்க போவோம்?"

அவையில் இருந்த அமைச்சன் சேந்தன் எழுந்தான். யானைகள் கட்டிய பந்தியின் சாணமெல்லாம் ஒரு வாய்க்கால் வழியாக விரிகுடாவில்தான் விழுகிறது என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் மழவராயரிடம் வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது.

"அளந்து பார்த்துவிடலாம், மகாராஜா."

"தண்ணீரில் கரைந்ததை எப்படியடா அளப்பாய்?"

"எரு கலந்த தண்ணீர் வெயில் பட்டால் பச்சை பிடிக்கும். எரு எவ்வளவோ பச்சையும் அவ்வளவு. ஆறு இடத்தில் மொண்டு, எட்டு நாள் வெயிலில் வைக்கிறேன்."

மகாராஜா முத்திரையிட்டு ஆணை போட்டார். எந்த இடத்துத் தண்ணீர் அதிகம் பச்சையாகிறதோ, அந்த இடத்துக்காரர்கள் எட்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் காலி செய்ய வேண்டும்.

அரண்மனை முற்றத்தில் ஆறு சட்டிகள் வந்து உட்கார்ந்தன. அடையாளம் ஒன்றும் இல்லை. மழவராயர் நைசாக வந்து, "எது எந்த இடத்துத் தண்ணீர்?" என்று விசாரித்தார்.

"மூன்றாவது குப்பம். ஐந்தாவது உங்கள் வாய்க்கால்," என்று சேந்தன் வெகுளியாகச் சொல்லிவிட்டான்.

மறுநாள் ஐந்தாவது சட்டியைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. சேந்தன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனான்.

எட்டாம் நாள் மூன்றாவது சட்டி பச்சைப்பசேல் என்று இருந்தது. மற்ற ஐந்தும் தெளிவு.

"பார்த்தீர்களா மகாராஜா! மூன்றாவது குப்பத்துத் தண்ணீர்!"

"அடையாளமே இல்லையே. உமக்கு எப்படித் தெரியும்?"

"சேந்தனே சொன்னாரே!"

"சொன்னேன்," என்றான் சேந்தன். "இவரிடம் மட்டும்தான் சொன்னேன்."

பிறகு கையைத் தட்டினான். அரண்மனைக் காவலர்கள் வேறு ஆறு சட்டிகளைத் தூக்கி வந்தார்கள்.

"விரிகுடாவில் மொண்டது இவைதான், மகாராஜா. உங்கள் காவலர்கள்தான் கூட வந்து மொண்டார்கள். எட்டு நாளும் என் வீட்டுக் கொல்லையில் காவல் இருந்தவர்களும் இவர்களே."

குப்பத்துத் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. பந்தி வாய்க்கால் தண்ணீரில் பாசி கரண்டியால் அள்ளும்படி இருந்தது.

"அப்படியானால் முற்றத்தில் இருப்பது?"

"உங்கள் அரண்மனைக் கிணற்றுத் தண்ணீர். ஆறும் தெளிவாகவே இருந்திருக்கும். யாரோ மூன்றாவதில் சாணத்தைக் கரைத்திருக்கிறார்கள். ஐந்தாவதில் இருந்த நல்ல தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரே நிரப்பியிருக்கிறார்கள். பாவம், வீண் உழைப்பு."

மழவராயர் தரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். சேந்தன் ஆணை ஓலையை எடுத்து விரித்தான்.

"இருந்தாலும் ஆணை ஆணைதானே, மகாராஜா. முற்றத்தில் பச்சையானது அரண்மனைத் தண்ணீர். பொழுது சாய இன்னும் நான்கு நாழிகை இருக்கிறது. அரண்மனைச் சாமான் ஏற்ற வண்டிகளுக்குச் சொல்லியனுப்பட்டுமா?"

மகாராஜா திகைத்தார். பிறகு தூணில் இருந்த புறாக்கள் பறக்கும்படி சிரித்தார்.

"சொல்லியனுப்பு! யானைப்பந்தி இன்றே மலையடிவாரத்துக்குப் போகட்டும். வண்டி மழவராயர் வாசலுக்கு மட்டும் போதும். யானைகள் நடந்தே போகும்."