காய்ந்த கம்பு பேசியது

மலை மேல் ஒரு வீட்டுத் தோட்டம். அங்கே ஒரு முயலும் ஒரு கொண்டைக்குருவியும் முள் நிறைந்த ராஸ்பெரிச் செடிகளைப் பராமரித்து வந்தன. வீட்டுக்கார அம்மா ரோசலின், மகனைப் பார்க்க மலை இறங்கிப் போனார். திரும்பி வரவே இல்லை.

முயல் வேரடியில் சருகு கூட்டிப் போடும். களையைக் கடித்து எடுக்கும். குருவி பூச்சிகளைக் கொத்தும். பழுத்தால் பழம் இருவருக்கும். குஞ்சு பொரிக்கும் மாதத்தில் அந்தச் சரிவில் வேறு பழமே கிடையாது. அதனால் குருவிக்கு அந்தச் செடிதான் எல்லாம்.

அந்த வருஷம் பழம் ஓய்ந்தது. காய்த்த கம்புகள் பழுப்பேறி நின்றன. அவற்றின் அடியில் புதுக் கம்புகள் பச்சையாகக் கிளம்பின.

"அக்கா, காய்ச்ச கம்பை எல்லாம் அடியோட கடிச்சுப் போட்டுடு" என்றது குருவி. "ஒரு கம்பு முதல் வருஷம் வளரும், மறு வருஷம் காய்க்கும், அதோட முடிஞ்சது. ரோசலின் அம்மா அப்படித்தான் வெட்டுவாங்க. அடுத்த பழம் பச்சைக் கம்பிலதான்."

முயல் வாய் வைக்கவில்லை.

"கழுகு துரத்தினப்போ என் குட்டிங்க இதுக்குள்ளதான் பதுங்கிச்சு. இதையா கடிக்கச் சொல்றே?"

"அதுக்காக செத்த கம்பை வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

"உனக்குச் சிறகு இருக்கு. முள்ளோட அருமை உனக்கு எங்கே தெரியும்?"

குருவி பறந்துபோனது.

மறுநாள் மதியம் பனிமூட்டமாக மஞ்சு இறங்கியது. வீடு மறைந்தது. கேட் மறைந்தது. கொஞ்சமும் காற்று இல்லை. ஆனாலும் நடுவில் இருந்த காய்ந்த கம்பு மட்டும் லேசாக ஆடியது.

"மகளே."

முயலின் காதுகள் நிமிர்ந்தன. "யாரு?"

"உன் குட்டிகளைக் காப்பாத்தின முள் நான்தான். என்னை வெட்டாம விட்டியே, நல்லா இருப்பே. அடுத்த வருஷம் ரெண்டு மடங்கு காய்ப்பேன்."

முயலுக்கு அழுகை வந்தது. கம்பின் அடியில் தலை வைத்துக் கும்பிட்டது.

அடுத்த மஞ்சில் அந்தக் குரல், "குளிருது மகளே. சருகை எல்லாம் என் பக்கம் தள்ளு" என்றது. முயல் தள்ளியது. பச்சைக் கம்புகளின் வேர் வெளியே தெரிந்தது.

அதற்கடுத்த மஞ்சில், "அந்தப் பச்சைங்க என் வெயிலை மறைக்குது. ஒண்ணொண்ணாக் கடிச்சுப் போடு" என்றது. முயல் கடித்துப் போட்டது.

குருவி வந்து பார்த்தபோது ஒரே ஒரு பச்சைக் கம்புதான் நின்றது.

"என்ன காரியம் பண்ணிட்டே அக்கா?"

"அம்மா சொன்னாங்க."

"எந்த அம்மா?"

முயல் மூக்கால் காய்ந்த கம்பைக் காட்டியது. குருவியின் கொண்டை சிலிர்த்து நின்றது.

"எங்கே, என் முன்னாடி பேசச் சொல்லு பார்ப்போம்."

கம்பு பேசவில்லை. அதில் இருந்த சின்ன ஓட்டையிலிருந்து மாவு போல ஏதோ உதிர்ந்தது.

"உன் வாய்க்குப் பயந்துதான் பேசமாட்டேங்குது" என்றது முயல்.

"சரி, நான் வாயாடியாவே இருக்கேன். அந்த ஒண்ணையும் கடிச்சிட்டா, வர்ற வருஷம் என் குஞ்சுங்க வாயில நான் எதை வைக்கிறது? அதை மட்டும் சொல்லு."

மறுபடியும் மஞ்சு இறங்கியது. குருவி கூட மங்கலாகிவிட்டது.

"கடி மகளே. ஒண்ணுதானே பாக்கி."

முயல் பச்சைக் கம்பில் வாய் வைத்தது. அது ஈரமாக, பிஞ்சாக இருந்தது. பிறந்த குட்டியின் காதை முகர்ந்தது போல இருந்தது. முயல் வாயை எடுத்தது.

"அம்மா, அன்னிக்கு உனக்குள்ள பதுங்கின என் குட்டிங்க எத்தனை?"

காய்ந்த கம்பு லேசாக ஆடியது.

"நிறைய, மகளே. நிறைய."

பதுங்கியவை இரண்டே இரண்டு. முயலின் முதுகெல்லாம் ரோமம் எழுந்து நின்றது. திரும்பி, காய்ந்த கம்பை ஒரே கடியாகக் கடித்தது. உள்ளே வெறும் கூடு. கூட்டுக்குள் ஒரு வெள்ளைப் புழு தலையைத் தூக்கியது.

"குளிருதே மகளே" என்றது, அதே குரலில்.

"நீதானா?" என்றது குருவி.

"பச்சைக் கம்புல உட்கார்ந்துதானே நீங்க எங்களைக் கொத்துறீங்க? அது இல்லேன்னா நாங்க நிம்மதியா..."

குருவி அதை முடிக்க விடாமல் கொத்தி விழுங்கியது.

அப்போது, காற்றே இல்லாத அந்த மஞ்சில், மிச்சம் இருந்த காய்ந்த கம்புகள் எல்லாம் ஆடின. "எங்களை விட்டுடு மகளே, மகளே" என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது.

முயல் கண்ணை மூடிக் கடவுளை நினைத்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கடித்தது. ஒவ்வொரு குரலாக அடங்கியது. கடைசிக் குரல் கடைசிக் கடி வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

மறு வருஷம் அந்த ஒற்றைக் கம்பு ஒரு கைப்பிடி பழம் கொடுத்தது. முயல் அதில் ஒன்றைக் கூடத் தொடவில்லை. ஆனாலும் குருவியின் மூன்று குஞ்சுகளில் ஒன்றுதான் பிழைத்தது. குருவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முயலுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

பழம் ஓய்ந்த அன்று முயல் அந்தக் கம்பை மூக்கால் தடவியது.

"நீ கொடுத்தது போதும். போய் வா" என்று சொல்லி, அழுதுகொண்டே அடியோடு கடித்தது. சுற்றிலும் மண்ணைப் பிளந்துகொண்டு பச்சை முளைகள் எட்டிப் பார்த்தன.

காலம் முடிந்ததை நன்றி சொல்லி வழியனுப்பாமல் பிடித்துவைத்தால், அதற்குள் வேறொன்று குடியேறி, நாளைக்கு வாழவேண்டியதைத் தின்றுவிடும்.