அடுப்புல போன சொரக்கா விதை

முன்னொரு காலத்துல ஒரு ராசா இருந்தாரு. அவரு பேரு எவனுக்கும் ஞாபகமில்ல. அவரு நாட்டுல, ஒச்சம்மா வீட்டுக் கூரையில காய்ச்ச சொரக்கா ருசிய மட்டும் யாரும் மறக்கல.

வீடு வீடா காயக் குடுத்து நெல்லு வாங்குவா ஒச்சம்மா. பிஞ்சாப் பாத்துத்தான் குடுப்பா. பிஞ்சுல ஏது விதை?

மேலவீட்டுக்காரி விதை கேட்டா. "அடுத்த வருசம் பாப்பம்." கீழவீட்டுக்காரி கேட்டா. "அடுத்த வருசம் பாப்பம்." எதுத்த வீட்டு மூக்காயி கேட்டா. "விதை எதுக்குத்தா? அதான் காய் தாரேன்ல!"

எல்லார் கூரையிலயும் கொடி ஏறிட்டா, இவளுக்கு நெல்லு எவ குடுப்பா?

விதையப் பச்சைச் சாணியில பதிச்சு, வரட்டியாச் சுவத்துல அப்பிருவா. பூச்சி அண்டாது. எவ கண்ணுக்கும் தெரியாது. புருசன் கட்டையனுக்கும் தெரியாது.

வந்துச்சு வினை. ஆடி மாசம், பொண்டாட்டிக்கு இடுப்பு வலி. கட்டுன நாளா அடுப்புப் பக்கம் எட்டிப் பாக்காத மனுசனுக்கு அன்னைக்குப் பாசம் பொங்கிருச்சு. வெந்நி போட்டான்.

"சுவத்துல இருந்த வரட்டி என்னமா எரிஞ்சுச்சு புள்ள! படபடன்னு வெடிச்சுச்சு!"

ஒச்சம்மா அப்படியே உக்காந்துட்டா. விதை போச்சு, காய் போச்சு, வருசத்து நெல்லும் போச்சு.

மேலவீட்டுக்கு ஓடுனா. "நீ குடுத்தது பிஞ்சுல்ல? தோலோட தின்னுட்டோம்." கீழவீட்டுக்கு ஓடுனா. "எங்களுக்கு என்னைக்கு முத்துன காய் குடுத்த?"

பாக்கி மூக்காயி. போன வருசம் விதைக்கு விட்ட காய் ஒண்ணு காணாமப் போனப்ப, ஒச்சம்மா ஊரக் கூட்டி மூக்காயியத்தான் திருடின்னா. மூக்காயியும் எடுக்கலன்னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுனா.

"ஏத்தா மூக்காயி, அந்தக் காய நீதான எடுத்த?"

"சூடம் அணைச்சேனே, பாக்கலையா?"

"பாத்தேன்டி. அது பொய்ச் சத்தியமா இருக்கணும்னு சாமியக் கும்புட்டுக்கிட்டே ஓடியாரேன். எடுத்தேன்னு சொல்லுடி, புண்ணியமாப் போகும்!"

மூக்காயி முழிச்சா. "சொன்னா ஏச மாட்டியே?"

"உன்னத் தூக்கிச் சுத்துவேன்!"

மூக்காயி தன் வீட்டுப் பின் சுவத்துலருந்து ரெண்டு வரட்டியப் பேத்துக் கொண்டாந்தா. "விதைக்கப் பயமாருந்துச்சுக்கா. உன் கொடி என் கூரையில ஏறுனா, காயே காட்டிக் குடுத்துருமே!"

ஒடைச்சுப் பாத்தா, உள்ள கல்லுமாதிரி விதைங்க. ஒச்சம்மாவுக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

பாதிய மூக்காயி மடியிலயே கொட்டுனா. "பட்டப்பகல்லயே விதைடி, எவ கேக்குறான்னு பாப்பம்!" மேலவீட்டுக்கு ஒரு கை, கீழவீட்டுக்கு ஒரு கை.

தன் சுவத்துல மட்டும் ஒளிச்சு வச்ச விதை ஒரு அடுப்போட அழிஞ்சு போகும், நாலு வீட்டுக்குக் குடுத்த விதைதான் நம்மளக் காப்பாத்தும்.