பஞ்சாமிர்தப் பாத்திரம்

"அம்மா, என் மந்திரத்துக்கு வீரியம் ரொம்ப ஏறிப்போச்சு," என்றார் சிவக்கொழுந்து. "வர்றவங்களால தாங்க முடியல."

மடத்தின் தலைவி வடிவம்மை மலைவாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்துச்சு, ஐயா?"

"காதைக் குடுக்கிறாங்க. குனிஞ்சு ரெண்டு எழுத்துதான் சொல்லியிருப்பேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து ஓடுறாங்க."

"எத்தனை பேரு?"

"இந்த மாசம் மட்டும் ஏழு பேரு. ஒருத்தர் செருப்பைக்கூட எடுத்துக்கல."

அந்த முருகன் மடத்தில் மந்திரத்தைக் காதோடு காதாகத்தான் சொல்வார்கள். உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறதே என்று வடிவம்மைதான் அந்த வேலையைச் சிவக்கொழுந்திடம் கொடுத்திருந்தார். குருவைவிட இருபது வயது மூத்த சீடர் அவர். ஓய்வுபெற்ற தாசில்தார்.

ஓடியவர்கள் ஏன் ஓடினார்கள் என்று மடத்தில் எல்லோருக்கும் தெரியும், பூனை உட்பட. அவர் வாய் அப்படி நாறியது. முப்பது வருஷம் ஊரையே அதட்டி வேலை வாங்கிய மனிதரிடம் போய் அதை யார் சொல்வது?

"ஆடிக் கிருத்திகைக்கு என் மக கோமளவல்லி வர்றா." சிவக்கொழுந்தின் குரல் இறங்கிவிட்டது. "என் வாயாலதான் மந்திரம் கேக்கணும்னு பிடிவாதமா இருக்கா. அவளும் எழுந்து ஓடிட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க இருப்பேன்?"

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது.

வடிவம்மை இன்னொரு பழத்தை எடுத்தார்.

"ராத்திரி பிரசாதம் வாங்கினதும் என்ன பண்ணுவீங்க?"

"பஞ்சாமிர்தத்தை வாயில போட்டு, உள்ளங்கையை நக்கிட்டு, அப்படியே படுத்துடுவேன்."

"வாய் கொப்பளிக்கிறது?"

"சாமி குடுத்ததைக் கொப்பளிச்சுத் துப்புறதா? என்னம்மா கேள்வி இது!"

"காலையில?"

"நாலு மணிக்குக் கண்ணு முழிச்சதும் நாம ஜபந்தான். ரெண்டு மணி நேரம். பல்லு விளக்குறதெல்லாம் அதுக்கு அப்புறம். முருகனைக் காக்க வச்சுட்டா பல்லு விளக்குவாங்க?"

"சரி. நாளைக்குப் பூசைக்கு நீங்களே நைவேத்தியம் எடுத்து வைங்க."

மறுநாள் காலையில் வெண்கலப் பாத்திரத்தை வடிவம்மை அவர் கையில் கொடுத்தார். உள்ளே புதிதாகப் பிசைந்த பஞ்சாமிர்தம். சுற்றிலும் விளிம்பில் நேற்றையது காய்ந்து கறுத்து ஒட்டியிருந்தது. எறும்பு வரிசை கட்டியிருந்தது. புளித்த வாடை வேறு.

சிவக்கொழுந்துக்குள் இருந்த தாசில்தார் எழுந்துவிட்டார்.

"யாரு இந்தப் பாத்திரத்தைக் கழுவாம விட்டது?"

"நாந்தான்," என்றார் வடிவம்மை. "பிரசாதம் ஒட்டியிருந்துச்சு. கழுவி ஊத்த மனசு வரல."

"அம்மா! பிரசாதம் நேத்தே வயித்துக்குள்ள போயாச்சு. இது வெறும் மிச்சம். ஊசிப்போயிருக்கு. நாத்தம் குடலைப் புடுங்குது. இதுலயா முருகனுக்கு..."

அவர் நாக்கு கடைவாய்ப் பல்லில் இடறியது. இடுக்கில் நேற்றைய பேரீச்சம்பழம் இருந்தது.



இடது கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது. உள்ளங்கைக்குள் மெல்ல ஒரு தடவை ஊதிப் பார்த்தார். ஊதியிருக்கவே கூடாது.

"அந்த ஏழு பேரும்..." என்றார் கைக்குள்ளிருந்தே.

வடிவம்மை ஒரு செம்பு தண்ணீரை அவர் முன்னால் வைத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவ எடுத்துப் போனார்.

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஒரு மண்டலம் இருந்தது.

முதல் வாரமே டவுனுக்குப் பஸ் ஏறினார். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார், பார்த்தார், திட்டினார். ஒரு பல்லைப் பிடுங்கி, இரண்டை அடைத்து அனுப்பினார். வரும்போது சிவக்கொழுந்தின் பையில் புது பிரஷ்ஷும் நாக்கு வழிப்பானும் இருந்தன.

அதன் பிறகு நாலு மணிக்கு முருகன் கொஞ்சம் காத்திருந்தார். ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் சிவக்கொழுந்து கொப்பளிக்கிற சத்தம் மாட்டுக்கொட்டகை வரை கேட்டது. ராத்திரி பஞ்சாமிர்தம் உண்டு. ஆனால் பல் விளக்காமல் படுப்பதில்லை. விளக்கிய பிறகு சர்க்கரைப் பொங்கலே வந்தாலும் கை நீட்டுவதில்லை.

புதிதாக வந்த ஒருவர் பதறிப்போனார். "ஐயா, பிரசாதத்தையா துப்புறீங்க?"

"பாத்திரம் கழுவுறேன். நீங்க போய்ப் படுங்க."

கிருத்திகையன்று கோமளவல்லி வந்தாள். சின்ன வயதிலிருந்தே அப்பாவிடம் வாசற்படியில் நின்றே பேசிப் பழகியவள். தன் மேல் பயம் என்று சிவக்கொழுந்து இத்தனை காலமும் நினைத்திருந்தார். மனைப்பலகையில் அவள் உட்கார்ந்ததும் அவருக்கு அந்த வாசற்படி நினைவுக்கு வந்தது. அது பயமில்லை என்று இப்போதுதான் புரிந்தது.

அவள் காதைக் கொடுத்தாள். வழக்கம்போல மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.

அவர் குனிந்தார். இரண்டு எழுத்து சொல்லி நிறுத்தினார்.

அவள் எழவில்லை.

பிடித்த மூச்சு எவ்வளவு நேரம் நிற்கும்? விட்டாள். இழுத்தாள். திரும்பி அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்தாள்.

அவர் மந்திரத்தை முழுசாகச் சொல்லி முடித்தார். சொல்லிவிட்டு அசையாமல் நின்றார்.

"அப்பா," என்றாள் கோமளவல்லி, கண்ணைத் திறக்காமல். "இன்னொரு தடவை சொல்லுங்க."