மரங்கொத்தியின் பன்னிரண்டு துளைகள்

மருதங்காட்டுக் குட்டையின் கரையில் ஒரு மரங்கொத்தி வாழ்ந்து வந்தது. தலையில் சிவப்புக் கொண்டை இருந்ததால் எல்லோரும் அதைக் கொண்டையன் என்றே அழைத்தார்கள். மழை பெய்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு துளை என்று பட்ட மரமொன்றில் கொத்தி வைப்பது அதன் வழக்கம். ஐந்து வருஷமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று அதற்குத் தலைகால் புரியாத பெருமை. யார் வந்தாலும் மரத்தைக் காட்டும். எண்ணிப் பார்க்க மட்டும் விடாது!

குட்டைக்குள் ஓர் ஆமை இருந்தது. அது பௌர்ணமிதோறும் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஒரு பாறையில் நகத்தால் கீறி வைக்கும். அந்தப் பாறைமேல் வேறு யாராவது ஏறி உட்கார்ந்தால் ஆமைக்குக் கோபம் வந்துவிடும்.

ஒருநாள் கெண்டை மீன் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி அழுதது.

"இரண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் குட்டை வத்திப் போச்சு. என் பிள்ளைங்க அத்தனை பேரும் செத்துப் போனாங்க. நான் ஒருத்திதான் சேத்துக்குள்ள கிடந்து பிழைச்சேன். இப்போ மறுபடியும் முட்டையிடப் போறேன். பயமா இருக்கு!"

"ஓடை வழியா ஆத்துக்குப் போயிட வேண்டியதுதானே?" என்றது குண்டுத் தவளை.

"ஆத்து வாயில நீர்நாய்க் கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு! வத்தும்னு உறுதியாத் தெரிஞ்சா துணிஞ்சு போகலாம். சும்மா போய் பிள்ளைங்களை அதுங்க வாயில கொடுக்கவா?"

தவளைக்கு ஒரு யோசனை தோன்றியது. "மழைக் கணக்கு கொண்டை அண்ணன்கிட்ட இருக்கு. தண்ணிக் கணக்கு ஆமைக்காகிட்ட இருக்கு. இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்களேன்!"

பார்த்தார்கள். உடனே சண்டை வந்தது.

"என் மூணாம் வருஷத்துல மழை கொட்டியிருக்கு! உன் மூணாம் வருஷத்துல குட்டை காஞ்சிருக்கு! நீ பொய்க் கீறல் போட்டிருக்கே!" என்றது கொண்டையன்.

"யாரு, நானா? வாய்க்கு வந்ததைப் பேசாதே தம்பி! உன் அலகு துருதுருன்னு வந்தா நீ வெயில்லயும் கொத்துவே!" என்றது ஆமை.

இரண்டும் பொய் சொல்லவில்லை. கொண்டையனுக்கு இலவம் பூக்கும் நாளில் வருஷம் பிறக்கும். ஆமைக்கோ தான் முட்டையிடும் நாளில்தான் வருஷம் பிறக்கும்! தவளை இதைக் கண்டுபிடித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மரத்தையும் அசைத்து, தண்ணீரையும் அசைப்பது ஆடிக் காற்று ஒன்றுதான். ஆகவே அது வீசத் தொடங்கும் நாளே எல்லோருக்கும் வருஷப் பிறப்பு என்று முடிவாயிற்று.

கரையில் விழுந்து கிடந்த மருத மரத்தில் பழைய கணக்கையெல்லாம் புதிய வருஷப்படி மாற்றிப் பதித்தார்கள். மேலே கொண்டையனின் துளைகள், கீழே ஆமையின் கீறல்கள். இப்போது குழந்தைக்குக்கூட விஷயம் புரிந்தது. நாற்பது நாளாவது மழை பெய்த மூன்று வருஷமும் குட்டை தாங்கியது. நாற்பதுக்குக் குறைந்த இரண்டு வருஷமும் வற்றிப் போனது!

"இந்த வருஷமும் இதே மரத்துல பதிவோம். தை மாசம் எண்ணிப் பார்த்து முடிவெடுப்போம்" என்றது ஆமை. தைக்குப் பிறகு மழையும் இருக்காது, ஓடையிலும் தண்ணீர் நிற்காது.

ஆடி போயிற்று, ஐப்பசி போயிற்று, தை வந்தது. ஓடை மெலிந்து நூலாக ஓடியது. இன்னும் மூன்று நாளில் அதுவும் அறுந்துவிடும். தவளை மரத்தின்மேல் தாவித் தாவி எண்ணியது.

"நாற்பத்து மூணு! தாங்கும், தாங்கும்! யாரும் எங்கேயும் போக வேண்டாம்!"

கெண்டை துள்ளிக் குதித்தது. அதன் பின்னால் ஆயிரம் குஞ்சுகளும் துள்ளின. "கொண்டை அண்ணே, நீங்க ஒருநாளும் தவறாதவரு. உங்க துளையை நம்பித்தான் இங்கேயே இருக்கப் போறோம்!"

கொண்டையனுக்குப் பகீர் என்றது.

போன கார்த்திகையில் பக்கத்து மலையில் கறையான்கள் ஈசல்களாகக் கிளம்பின. நாக்கில் எச்சில் ஊற, கொண்டையன் அங்கே பறந்து போய்ப் பன்னிரண்டு நாள் விருந்து சாப்பிட்டது. திரும்பி வந்ததும் மரத்தைப் பார்த்தது. ஒரு நாள்கூடத் தவறாத நாமா, பன்னிரண்டு நாளைக் காலியாக விடுவது? 'கார்த்திகையில மழை பெய்யாமலா இருந்திருக்கும்?' என்று டொக் டொக்கென்று பன்னிரண்டு துளைகளைப் போட்டுவிட்டது.

இப்போது அது வாயைத் திறந்தால் ஐந்து வருஷப் பெருமையும் போய்விடும். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஒருவேளை உண்மையிலேயே மழை பெய்திருக்கலாம். இப்படியெல்லாம் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கீழே பார்த்தது. கெண்டைக் குஞ்சுகள் நிம்மதியாகப் பாசியைக் கொறித்துக்கொண்டிருந்தன. அதற்கு மேல் கொண்டையனால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்க! அதுல பன்னிரண்டு துளை நான் குத்துமதிப்பாப் போட்டது. கார்த்திகையில ஈசல் தின்னப் போயிட்டேன், அப்போ நான் ஊர்லயே இல்லை!" என்று கத்தியது.

ஆமை மரத்தருகே ஊர்ந்து வந்து அந்தத் துளைகளைப் பார்த்தது.

"அடப்பாவி! அப்போ அந்தப் பன்னிரண்டு நாளும் மழை பெஞ்சுதா இல்லையா? இப்போ யாரைப் போய்க் கேக்கறது?" என்றது ஆமை.

"என்னைக் கேளுங்க!" என்றது தவளை. "மழை பெஞ்சாத்தான் நான் பாடுவேன். இவர் இல்லாதப்போ மூணே மூணு நாள்தான் பாடினேன். மத்த ஒன்பது நாளும் தொண்டை காஞ்சு கிடந்தேன். என் பாட்டை யாரு கணக்குல எடுத்தீங்க?"

"உண்மைதான்! எங்களுக்கும் மூணு நாள்தான் காது வலிச்சுது!" என்றது கெண்டை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு அந்த வாய்தான் குட்டையைக் காப்பாற்றியது.

நாற்பத்து மூன்றில் ஒன்பது போனால் முப்பத்து நான்கு. நாற்பதுக்கு ஆறு குறைவு!

"கிளம்புங்க!" என்றது ஆமை.

கெண்டை தன் குஞ்சுகளைத் திரட்டிக்கொண்டு ஓடையில் இறங்கியது. கொண்டையன் முன்னால் பறந்து போய் ஆற்றங்கரை மரத்தில் உட்கார்ந்தது. நீர்நாய்கள் தின்று களைத்துக் குறட்டை விடும் நண்பகலில் மூன்று முறை பலமாகக் கொத்தியது. அதுதான் பேசி வைத்த அடையாளம். அதைக் கேட்டதும் மீன் கூட்டம் சரசரவென்று ஆற்றுக்குள் பாய்ந்தது. ஒரு குஞ்சுகூடக் குறையவில்லை!

வைகாசியில் குட்டை வற்றியது. அடிமண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. அடுத்த ஐப்பசியில் மழை வந்து ஓடை புரண்டபோது, கெண்டை பெரிய குடும்பமாக எதிர்நீச்சல் போட்டுத் திரும்பி வந்தது.

கொண்டையன் அதற்குள் அந்தப் பொய்த் துளைகளில் ஒன்பதைச் சேற்றால் அடைத்துவிட்டிருந்தது. பிறகு ஈசல் விருந்துக்குப் போன போதெல்லாம், திரும்பி வந்து அந்த நாட்களுக்கு மரத்தில் ஒரு குறுக்குக் கோடு போட்டது. 'அன்றைக்கு நான் இங்கே இல்லை. எனக்குத் தெரியாது' என்று அதற்கு அர்த்தம். கோட்டைப் பார்த்ததும் தவளை ஓடி வந்து தன் பாட்டுக் கணக்கைச் சொல்லும். இப்போது மரத்தை யார் வேண்டுமானாலும் எண்ணலாம், கொண்டையன் தடுப்பதில்லை.

தெரிந்ததைப் பொதுவில் வைப்பது நல்லது. தெரியாததைத் தெரியாது என்றே வைப்பது அதைவிட நல்லது.