பச்சைக் கயிறு

"பிள்ளைங்க நிக்க மாட்டேங்குது" என்றாள் செண்பகவல்லி.

ஆவுடைச்செல்வி கோலாட்டக் குச்சிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

செண்பகவல்லி அந்த ஊர் சமுதாயக் கல்லூரியில் சமையல் கலை சொல்லிக்கொடுப்பவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களும், கல்யாணமாகி வீட்டோடு இருந்தவர்களும் படிக்க வருகிற இடம். வகுப்பு தொடங்கும்போது சமையல் மேடையைச் சுற்றி நிற்க இடமிருக்காது. தீபாவளி கழிந்தால் அடுப்பைப் பற்றவைக்கவே ஆள் தேட வேண்டும். இந்த வருஷமும் இப்படிப் போனால் வகுப்பை மூடிவிட வேண்டியதுதான் என்று முதல்வர் சொல்லிவிட்டார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. திரை கட்டிப் படம் காட்டினாள். ஒழுங்காக வருபவர்களுக்குப் பரிசு கொடுத்தாள். வராதவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி குறுஞ்செய்தி அனுப்பினாள். போகிறவர்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.

ஆவுடையிடம் வந்ததற்குக் காரணம் இருந்தது. பீடி சுற்றிவிட்டும், ஜவுளிக்கடையில் பகலெல்லாம் நின்றுவிட்டும் பெண்கள் சாயங்காலம் அவளிடம் பின்னல் கோலாட்டம் பழக வந்தார்கள். மழையிலும் வந்தார்கள். ஆவுடை வயதில் ரொம்பச் சின்னவள். அவளிடம் போய்க் கேட்பதா என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"உங்ககிட்ட வந்தவங்க மட்டும் ஏன் போறதில்ல? அதை எனக்குச் சொல்லிக்கொடுங்க."

"நாளைக்கு ஆட வாங்கக்கா."

"நான் ஆட வரல. கேக்கத்தான் வந்தேன்."

"நாளைக்கு வாங்க."

மறுநாள் போனாள்.

மேலே ஒரு வளையம். அதிலிருந்து வண்ண வண்ணமாகக் கயிறுகள் தொங்கின. ஒரு கையில் கயிறு, மறு கையில் குச்சி. பாட்டுக்கு ஏற்ப ஒருவரையொருவர் தாண்டித் தாண்டி ஆட, கயிறுகள் மேலிருந்து ஜடையாகப் பின்னிக்கொண்டு இறங்கின. செண்பகவல்லிக்குப் பச்சைக் கயிறு கிடைத்தது.

அவள் உள்ளே போக வேண்டிய நேரத்தில் வெளியே போனாள். ஜடை சிக்கிக்கொண்டது. எல்லோரும் சிரித்தபடி நின்று, பிரித்து, முதலிலிருந்து ஆடினார்கள். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

தன்னால்தானே எல்லோருக்கும் தொந்தரவு என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. முழங்கால் வேறு வலித்தது. ஒரு சாயங்காலம் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை.

விட்டது தொல்லை என்று நினைத்திருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டு காபி போட்டாள்.

காபி ஆறுவதற்குள் வாசலில் பேச்சுச் சத்தம். போய்ப் பார்த்தால் மொத்தக் கூட்டமும் நின்றது. முன்னால் ஆவுடை.

செண்பகவல்லி முழங்கால் வலியைச் சொன்னாள். கல்லூரி வேலையைச் சொன்னாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சொன்னாள். அப்படி யாரும் வந்திருக்கவில்லை. ஆவுடை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பிறகு சொன்னாள்: "பச்சைக் கயிறு சும்மா தொங்குதுக்கா."

"வேற யாரையாவது பிடிக்கச் சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னேன். அது செண்பகக்காவோடதுன்னு ஒருத்தியும் தொட மாட்டேன்னுட்டா."

பின்னாலிருந்து பீடி சுற்றும் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "நீங்க தப்பாப் போற இடத்துலதான் எங்களுக்குச் சிரிப்பே வரும். நேத்து யாரும் சிரிக்கவே இல்ல."

செண்பகவல்லி காபியை அப்படியே வைத்துவிட்டு அவர்களோடு நடந்தாள். அன்றும் தப்பாகத்தான் ஆடினாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மூச்சு வாங்க நிற்கும்போது ஆவுடையிடம் மறுபடி கேட்டாள். "அன்னைக்குக் கேட்டேனே, அதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலியே."

"பாட்டு ஆரம்பிச்சாச்சு, கயித்தைப் பிடிங்க" என்றாள் ஆவுடை.

மறுநாள் காலை வகுப்பில் செண்பகவல்லி வருகைப் பதிவு எடுக்கவில்லை. மேடையைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "யாரு இல்ல?" என்று கேட்டாள்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

"ஜொகரா இல்ல மிஸ்" என்றது ஒரு குரல். தனக்கு முறுக்குப் பிழியக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான் என்றாள் இன்னொருத்தி. வெங்காயம் நறுக்கும்போது பேய்க்கதை சொல்வாளே என்றான் ஒருவன். அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

செண்பகவல்லி அடுப்பை அணைத்தாள்.

வெள்ளை ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வகுப்பு முழுவதும் தெருவில் இறங்கியது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் எங்கே கல்யாணச் சமையல் என்று கேட்டார்கள். பையன்கள் வாய்க்கு வந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஜொகரா மாவுக் கையோடு கதவைத் திறந்தாள். மிஸ்ஸைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஏதோ சொல்லத் தொடங்கினாள். மிஸ்ஸுக்குப் பின்னால் வாசலிலும் தெருவிலுமாக நின்ற முகங்களைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது.

"நான் வரலைன்னு உங்களுக்கெல்லாம் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

செண்பகவல்லிக்குப் பச்சைக் கயிறு நினைவுக்கு வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

"கையைக் கழுவிட்டுச் செருப்பைப் போடு" என்றாள்.