காய்ந்த குச்சி

மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சொந்தமாகவே ஒரு காடு இருந்தது. வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளுக்கு அங்கேதான் பாடம். நடத்தியவர் செங்கமலம் டீச்சர். அவரிடம் அந்தப் பாடத்தைப் பழக வந்தவர் தவமணி வாத்தியார்.

காட்டுக்கு நடுவே புல் பூண்டு இல்லாத மொட்டைத் திட்டு ஒன்று. தவமணி அதைப் பிள்ளைகளிடமே விட்டார். ஆளுக்கு ஒரு கன்று, கன்றுக்கு ஒரு பெயர்ச்சீட்டு. அப்புறம் கேட்கவா வேண்டும்! யார் கன்று முந்தும் என்று போட்டாபோட்டி. குடம் குடமாய் ஊற்றினார்கள். வேர் விட்டுவிட்டதா என்று பிடுங்கிப் பார்த்து, மறுபடி ஊன்றினார்கள். சித்திரை வெயிலில் அத்தனையும் கருகிப்போச்சு. சீட்டுகள் மட்டும் காற்றில் ஆடின.

அதிலிருந்து ஒச்சம்மா என்ற சிறுமி காட்டுக்குள் வரமாட்டேன் என்றாள்.

"ஏன் தாயி?"

"என் கை ராசியில்லாத கை சார். வீட்டுலயும் அப்படித்தான் சொல்றாக. நான் தொட்டா எதுவும் தங்காதாம்."

தவமணி நேரே செங்கமலம் டீச்சரிடம் போய் நின்றார்.

"மரம் வளர்க்கச் சொல்லிக்கொடுக்கப் போயி, பிள்ளைக்கு இதையா டீச்சர் சொல்லிக்கொடுத்தேன்? இனி என்ன செய்றது?"

டீச்சர் விறகுக்குக் கிடந்த கிளைகளைக் காட்டினார்.

"நல்ல நெட்டையா நாலு எடுங்க. திட்டுல ஊனணும். ஒச்சம்மா ஊனட்டும்."

"காய்ஞ்ச குச்சியையா?"

"செத்துருமோன்னு பிள்ளை பயப்பட வேண்டியதில்ல பாருங்க."

ஒச்சம்மா வந்தாள். குழி தோண்டி ஊன்றினாள். மற்ற பிள்ளைகள் விட்டுவைப்பார்களா?

"ஏ ஒச்சம்மா, குச்சிக்குத் தண்ணி ஊத்துடீ!"

"போடா! உன் கன்னு மாதிரி இது சாகாது."

வெகுநாளைக்கப்புறம் அவள் சிரித்ததை அன்றுதான் தவமணி பார்த்தார். சீட்டும் நூலும் எடுத்தார்.

"பேரு கட்டட்டுமா டீச்சர்?"

"வேண்டாம். மழை வந்து போற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போகவும் வேண்டாம்."

ஆடியில் காட்டு வேம்பும் நாவலும் பழுத்தன. ஐப்பசியில் அடைமழை கொட்டி ஓய்ந்தது. பிள்ளைகள் திபுதிபுவென்று திட்டுக்கு ஓடினார்கள். குச்சியில் இருந்த மைனா ஒன்று விருட்டென்று பறந்தது.

குச்சிகளுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாய் எச்சம். அதற்குள்ளிருந்து வேம்பும் நாவலுமாய்க் கன்றுகள் இலை விட்டு நின்றன.

"நான்தான் முதல்ல பார்த்தேன், இது எனக்கு!"

"ஆசையப் பாரு! சார், என் பழைய சீட்டை இதுல கட்டுங்க!"

ஒச்சம்மா கிட்டேயே போகவில்லை. கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், நான் வெறும் குச்சிதானே ஊனுனேன். இதையெல்லாம் யாரு நட்டது?"

'நீதான் தாயி' என்று தவமணிக்கு வாய்வரை வந்துவிட்டது. டீச்சர் முந்திக்கொண்டார்.

"நட்டவக இப்ப உன் குச்சிக்குத்தான் திரும்பி வருவாக. அவகளையே கேட்டுக்க. சத்தம் போட்டா மட்டும் வரமாட்டாக."

பிள்ளைகள் சீட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் குந்தினார்கள். ஒச்சம்மா எல்லோருக்கும் முன்னால். அவளுக்குப் பின்னால், வாயைப் பொத்திக்கொண்டு தவமணி.