முகிலிக்கு வாசித்த மூவர்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. யானை பட்டினி கிடந்ததை நம்பலாம். பெயர்பெற்ற மூன்று கலைஞர்கள் ஒரே குழுவாக உட்கார்ந்தார்கள், அவர்களில் ஒருவர் இறங்கியும் வந்தார் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. இதை எனக்குச் சொன்னவர் என் மாமனார். அவர் சொன்னபடியே சொல்கிறேன், கேளுங்கள்.

வெகுகாலத்துக்கு முன்னால் நெடுங்குன்றூரைப் பெருஞ்சாத்தன் என்ற அரசன் ஆண்டான். அவனிடம் முகிலி என்று ஒரு பெண் யானை இருந்தது. அதன் பாகன் காய்ச்சலில் இறந்துபோனான். அன்றிலிருந்து முகிலி வாயைத் திறக்கவில்லை. கரும்பு கொடுத்தார்கள், தொடவில்லை. வெல்லம் கொடுத்தார்கள், தொடவில்லை. பச்சை மூங்கிலை மலைபோலக் குவித்தார்கள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதற்கு மருந்து என்னிடம் இல்லை, அரசே. இசையைக் கேட்டால் ஒருவேளை மனம் ஆறலாம்" என்றார் வைத்தியர்.

அரசன் மூன்று நாடுகளுக்கு ஆள் அனுப்பினான். யாழுக்குச் சேந்தியார் வந்தார். முழவுக்குக் கொற்றனார் வந்தார். குழலுக்கு நன்னாகனார் வந்தார். ஒவ்வொருவரும் தனியாக வாசித்தாலே ஊர் திரளும். மூவரும் சேர்ந்தால் கேட்கவேண்டுமா?

சேர்ந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சண்டை வந்தது. யாருடைய சுருதிக்கு யார் சேருவது?

"நரம்பை முறுக்கலாம், தளர்த்தலாம். தோலையும் ஏற்றி இறக்கலாம். மூங்கிலில் சுட்ட துளையை நகர்த்த முடியுமா? நீங்கள்தான் என்னிடம் வரவேண்டும்" என்றார் நன்னாகனார். முப்பது வருடமாக எல்லா அவையிலும் இதைச் சொல்லித்தான் அவர் ஜெயித்து வந்தார்.

"மூங்கில் வளையாதாம். அதைப் பிடித்திருக்கிறவரும் வளையமாட்டாராம்" என்று கொற்றனார் சேந்தியாரின் காதில் சொன்னார், நன்னாகனாருக்கும் கேட்கும்படியாக.

கடைசியில் சுருதி குழலுடையது, முன்னால் வாசிப்பது நாளுக்கு ஒருவர் என்று முடிவாயிற்று. முதல் நாள் யாழ் முன்னால் போனது. ஊர் கைதட்டியது, முகிலி முதுகைக் காட்டியது. இரண்டாம் நாள் முழவு முன்னால் போனது. ஊர் ஆடியது, முகிலி சுவரோரம் ஒதுங்கியது. மூன்றாம் நாள் குழல். ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. முகிலியும் கண்ணை மூடியது.

'ஜெயித்துவிட்டேன்' என்று நினைத்தார் நன்னாகனார். அப்போதுதான் யானையின் முன்னங்கால்கள் நடுங்குவதைக் கண்டார். அது சொக்கி நிற்கவில்லை, நிற்க முடியாமல் தூணில் சாய்ந்திருந்தது.

"நாளைக்குள் ஒரு வாயாவது தின்னவேண்டும். படுத்துவிட்டால் பிறகு எழாது" என்றார் வைத்தியர்.

மறுநாள் விடிந்ததும் நன்னாகனார் தனியாக யானைக் கொட்டடிக்குப் போனார். அங்கே பாகனின் மனைவி எயினி தேங்காய் நாரால் யானையைத் தேய்த்துக்கொண்டு ஏதோ முனகினாள். முகிலியின் ஒரு காது அசைந்தது. முனகல் மூன்றாம் அடியில் நின்றது. காதும் நின்றது. எயினி மறுபடி தொடங்கினாள், மறுபடி அதே இடத்தில் நின்றாள்.

"அது என்ன பாட்டு, அம்மா?"

"பாட்டா? யானை தேய்க்கையில அவரு முனகுறதுங்க. உங்க சபைக்கெல்லாம் ஆகாது."

"ஏன் பாதியில் நிறுத்துகிறாய்?"

"அதுக்கு மேல தொண்டை போகமாட்டேங்குது." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நன்னாகனார் குழலை எடுத்து அந்த மெட்டை ஊதிப் பார்த்தார். சேரவில்லை. அவள் குரல் வெகு கீழே கிடந்தது. பழக்கதோஷத்தில், "கொஞ்சம் மேலே பாடு" என்றார்.

எயினி சிரித்துவிட்டாள். "நல்லா இருக்குதே நியாயம்! முப்பது வருசமா ஊதுறவரு நீங்க. துக்கத்துல அடைச்ச தொண்டை என்னுது. யாருங்க இறங்கணும்?"

அவர் போய் மற்ற இருவரையும் அழைத்து வந்தார். சேந்தியார் எயினியின் குரலைக் கேட்டு நரம்புகளைத் தளர்த்தினார். கொற்றனார் சுருதி இறங்குவதற்காக முழவின் தோலில் ஈர மாவை இன்னும் கொஞ்சம் அப்பினார். பிறகு இருவரும் நன்னாகனாரைப் பார்த்தார்கள்.

அவர் தன் குழலைத் துணியில் சுற்றித் தரையில் வைத்தார். தீவனக் குவியலிலிருந்து, கீழ்ச் சுருதிக்கென்று நீளமான ஒரு மூங்கிலை உருவினார். நறுக்கினார், கம்பியைக் காய்ச்சினார், துளை சுட்டார்.

பச்சை மூங்கில் சொன்னபடி கேட்குமா? பாதி காற்று, பாதி சீறல். புதிய துளைகளில் அவர் விரல் தடுமாறியது. வேலிக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இவரா குழல் நன்னாகனார்?"

"நம்ம ஊர் மாட்டுக்காரன் இதைவிட நல்லா ஊதுவான்!"

அவருடைய காது மடல்கள் சுட்டன. ஆனாலும் அவர் கண் எயினியின் உதட்டைவிட்டு நகரவில்லை.

முதல் அடி போனது. இரண்டாம் அடி போனது. மூன்றாம் அடியில் எயினியின் குரல் உடைந்தது. அந்த இடத்தில் குழல் அவளைத் தாங்கிப் பிடித்தது. யாழ் கீழே மெல்ல ஒலித்துத் துணைநின்றது. கொற்றனார் அடிக்காமல், உள்ளங்கையால் தோலைத் தேய்த்தார், நாரால் யானையைத் தேய்க்கிற ஓசையில். எயினி மூச்சு வாங்கிக்கொண்டு நான்காம் அடிக்கு வந்தாள். அதற்குப் பிறகு நிற்கவில்லை.

முகிலி கண்ணைத் திறந்தது. இரண்டு காதுகளும் ஆடின. துதிக்கையை நீட்டி எயினியின் கன்னத்தைத் தடவியது. மெதுவாக அதை இறக்கி, அவள் கூடையிலிருந்து எடுத்து நீட்டிய சோற்று உருண்டையை வாங்கிக்கொண்டது.

வேலிக்கு வெளியே சிரிப்பு அடங்கிப்போயிற்று.

அரசன் பரிசளிக்கும் பொற்பூவோடு ஓடிவந்தான். "உங்கள் குழுவுக்குத் தலைவர் யார்?"

மூவரும் எயினியைக் காட்டினார்கள்.

"அட போங்க" என்றாள் அவள். "பூவை அப்புறம் பாக்கலாம். இது இன்னும் நாலு உருண்டை கேக்குது."

தளர்ந்துபோன ஒரு குரலுக்காகத் தன் சுருதியைவிட்டு இறங்கி வருகிறவனே பெரிய கலைஞன் என்பதுதான் இந்தக் கதை சொல்லும் நீதி.

கதையைப் பத்தாவது முறையோ பதினோராவது முறையோ கேட்ட ஒரு நாள், மாமனாரிடம் கேட்டேவிட்டேன்: "மாமா, இருபது வருஷமாக என்னைப் பார்க்கிறீர்கள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால், குழலைக் கீழே வைத்திருப்பேனா?"

"பின்னே எதற்கு இதை உனக்குப் பத்து முறை சொன்னேன்?" என்று சிரித்தார் அவர்.